மதுரைக்கு முதல் தடவை வருகிறீர்களா? எந்த நேரத்தில் எதைச் சாப்பிடுவது, எதைப் பார்ப்பது

மதுரையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் உண்டு. உச்சிவெயிலில் பருத்திப்பால் வண்டியைத் தேடினால் கண்ணில் படாது. காலை 9 மணிக்குக் கறி தோசை கேட்டால் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். கோவிலும் அப்படித்தான். பகல் 12:30 வாக்கில் நடை சாத்திவிட்டால் மாலை 4 மணி வரை வெளியே காத்திருக்க வேண்டியதுதான். "மதுரையில் சாப்பிட வேண்டிய 20 கடைகள்" என்று சுற்றிவரும் பட்டியல்களில் கடைப்பெயர் இருக்கும், நேரம் இருக்காது. அதை நம்பி வருகிறவர்கள் பகல் முழுக்க வெயிலில் அலைந்துவிட்டு, ஊர் விழித்துக்கொள்ளும் இரவு 9 மணிக்கு அறைக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால் இந்த வழிகாட்டியைக் கடை வரிசையில் எழுதாமல் மணி வரிசையில் எழுதியிருக்கிறேன். இரண்டு பகல், இரண்டு இரவு இருந்தால் போதும்.

முதலில் மாதமும் அறையும்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடப்பதற்குச் சுகமான காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆனால் சித்திரைத் திருவிழா வருவதும் அப்போதுதான். மீனாட்சி திருக்கல்யாணம், மாசி வீதிகளில் தேர், சித்ரா பௌர்ணமியன்று அழகர் வைகையில் இறங்குவது என்று ஊரே தெருவில் இருக்கும். திருவிழாவுக்காகவே வருகிறீர்கள் என்றால் வாருங்கள், ஆனால் அறையைப் பல வாரங்களுக்கு முன்னாலேயே பிடித்துவிடுங்கள். சாப்பாட்டுக்காக வருகிறீர்கள் என்றால் திருவிழா நாட்களைத் தவிருங்கள். எந்தக் கடையிலும் நிம்மதியாக உட்கார முடியாது.

ரயில்வே ஜங்ஷனுக்கும் கோவிலுக்கும் நடுவில் அறை எடுப்பதுதான் நல்லது. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் டவுன்ஹால் ரோட்டிலும் எல்லா விலையிலும் விடுதிகள் இருக்கின்றன. அங்கிருந்து கோவிலுக்கு நடந்தே போய்விடலாம், பெரியார் பஸ் ஸ்டாண்டும் பக்கம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்கள் அங்கேயே அறை போடுவதைப் பார்க்கிறேன். ஊருக்கு வடகிழக்கே தள்ளி இருக்கும் அந்த இடத்தில் தங்கினால் நடுராத்திரியில் இட்லி சாப்பிட ஆட்டோ தேட வேண்டியிருக்கும். மாட்டுத்தாவணியிலிருந்து பெரியாருக்கு டவுன் பஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்கள் இலவசமாகப் போகலாம்.

தெருக்களின் கணக்கு

இதைத் தெரிந்துகொண்டால் மேப் பார்க்காமலே சுற்றலாம். நடுவில் கோவில். அதைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெருக்கள். கோவில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே வந்ததும் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: கீழ, மேல, வடக்கு, தெற்கு. கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு. "மேல மாசி வீதி" என்று யாராவது சொன்னால் கோவிலுக்கு மேற்கே மூன்றாவது சதுரம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

வெளி வீதி இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச்சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது உருவான தெருக்களில் அந்த வேலையைப் பார்த்த மாரட், பெருமாள் மேஸ்திரி இருவரின் பெயரும் இன்றைக்கும் நிற்கிறது. வழி கேட்கும்போது "அண்ணே", "அக்கா" என்று ஆரம்பியுங்கள். பாதிப் பேர் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்து காட்டிவிட்டுப் போவார்கள்.

முதல் நாள் காலை: கோவில், அப்புறம் பலகாரம்

கோவில் நடை காலை 5 மணிக்குத் திறக்கிறது. ஆறு மணிக்குள் போய்விடுங்கள். 9 மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்துவிடும், வெறுங்காலுக்குக் கல்தரையும் சுட ஆரம்பிக்கும். செல்போனை உள்ளே விடமாட்டார்கள். கோபுர வாசலில் பாதுகாப்புப் பெட்டக வசதி உண்டு, ஆனால் அறையிலேயே வைத்துவிட்டு வந்தால் ஒரு வரிசை மிச்சம். உடை விஷயத்தில் கண்டிப்பு உண்டு. வேட்டியோ முழுக்கால் சட்டையோ, சேலையோ சுடிதாரோ போட்டுக்கொள்ளுங்கள்.

மதுரையில் முதலில் அம்மன், பிறகுதான் சுவாமி. மீனாட்சியைப் பார்த்துவிட்டு சுந்தரேசுவரர் சன்னதிக்கு வரும் வழியில் முக்குறுணி விநாயகர் இருக்கிறார். வண்டியூர்த் தெப்பக்குளம் வெட்டியபோது கிடைத்த சிலை என்று சொல்வார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு முக்குறுணி அரிசியில், அதாவது 18 படியில், அவருக்கு ஒரே கொழுக்கட்டை செய்து படைக்கிறார்கள்.

வேக வேகமாகத் தரிசனம் முடித்து ஓடிவிடாதீர்கள். வெள்ளியம்பலத்தில் நடராஜரைப் பாருங்கள். மற்ற ஊர்களில் இடது காலைத் தூக்கி ஆடுகிறவர் இங்கே வலது காலைத் தூக்கி நிற்கிறார். கம்பத்தடி மண்டபத்தில் திருக்கல்யாணச் சிற்பம் இருக்கிறது. பெருமாள் தாரை வார்க்க, மீனாட்சி தலை குனிந்து நிற்கும் அந்த வெட்கத்தைக் கல்லில் கொண்டுவந்தவனை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்கள். கடைசியாகப் பொற்றாமரைக் குளத்தின் படியில் உட்கார்ந்து தெற்குக் கோபுரத்தைப் பாருங்கள். பதினான்கு கோபுரங்களில் அதுதான் உயரம், சுமார் 170 அடி.

வெளியே வந்ததும் பசிக்கும். மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை இருக்கிறது. பழைய காலத்துச் சிறிய கடை, அங்கே வெள்ளை அப்பம் பெயர்பெற்றது. நான்கைந்து பேராக வந்தால் எல்லோரும் ஒரே பண்டத்தைச் சொல்லாமல் ஆளுக்கு ஒன்று சொல்லிப் பகிர்ந்துகொள்ளுங்கள். காலையிலேயே வயிற்றை நிரப்பிவிட்டால் மதியத்துக்கு இடம் இருக்காது. இந்த இரண்டு நாளும் உங்கள் வயிறு பாதியளவு காலியாகவே இருக்க வேண்டும்.

நேரம் மிச்சமிருந்தால் மேல மாசி வீதி 251-ஆம் எண் வீட்டை எட்டிப் பாருங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறியது இந்த வீட்டில்தான். கதர்க் கடையும் நினைவிடமும் இருக்கின்றன.

மதியம்: மெஸ்

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மதுரையின் மதியம் மெஸ்ஸில்தான். பகல் 12:30-க்கே போய் உட்காருங்கள். 2 மணிக்கு மேல் நல்ல அயிட்டங்கள் தீர்ந்துபோகும். அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் எல்லாம் ஊரறிந்த பெயர்கள்.

முறை இதுதான். இலையில் சோறு போட்டு மட்டன், சிக்கன், மீன், நண்டு என்று குழம்புகள் வரிசையாக வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்குங்கள். பிறகு ஒருவர் பெரிய தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களாகச் சுக்கா, ஈரல், குடல், நல்லி எலும்பு, கோலா உருண்டை எல்லாவற்றையும் கொண்டுவந்து காட்டுவார். எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் கணக்கில் ஏறிவிடும். ஒவ்வொன்றும் என்ன விலை என்று கேட்டுவிட்டு எடுங்கள். இங்கே அது யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாத கேள்வி. புதிதாக வருகிறவர்களில் நிறையப் பேர் கூச்சப்பட்டுக் கேட்காமல் இருந்துவிட்டு, பில் வந்ததும் திகைத்துப்போகிறார்கள்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அயிரை மீன் குழம்பு வாங்குங்கள். விரல் நீளம்கூட வராத மீன். கண்மாய்ச் சேற்றில் வாழ்வது, அதனால் உயிரோடு வாங்கிவந்து பாலில் விட்டு மண்ணைக் கக்கவைத்து, உப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவுவார்கள். அவ்வளவு வேலை இருப்பதால் விலையும் அதிகம். முள்ளோடு அப்படியே மெல்ல வேண்டியது. கடைசி வாய்ச் சோறு வரைக்கும் அந்தக் குழம்பு மட்டும் போதும்.

கோலா உருண்டை இன்னொன்று. கொத்துக்கறியைப் பொட்டுக்கடலையும் மசாலாவும் சேர்த்து அரைத்துப் பொரித்தது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. ஆளுக்கு இரண்டு என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

சைவம் என்றால் டவுன்ஹால் ரோட்டிலும் மேல மாசி வீதிப் பக்கமும் நல்ல சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. ஆனால் மதுரையில் சைவத்தின் பலம் காலைப் பலகாரத்திலும் ராத்திரி இட்லியிலும்தான், மதியச் சாப்பாட்டில் இல்லை என்பது என் எண்ணம்.

மூன்று மணி வெயிலில் ஜிகர்தண்டா

மெஸ்ஸிலிருந்து நேராக ஜிகர்தண்டா கடைக்குப் போகாதீர்கள். அறைக்குப் போய் ஒரு மணி நேரம் படுத்துவிட்டு, வெயில் உறைக்கும் 3 மணிக்கு விளக்குத்தூண் பக்கம் கீழ மாரட் வீதிக்கு வாருங்கள். ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஜிகர்தண்டா போர்டு தொங்குகிறது. முதல் தடவை குடிப்பதை விளக்குத்தூணில் குடியுங்கள், பிறகு மற்றதை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

நல்ல ஜிகர்தண்டாவில் நான்கு விஷயம்: இரவே ஊறவைத்துக் கண்ணாடித் துண்டாக உப்பிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், பழுப்பு நிறம் வரும்வரை சுண்டக்காய்ச்சி ஆறவைத்த பால், மேலே ஐஸ்கிரீம். ஸ்பெஷல் என்றால் பாசந்தியும் சேரும். பாலில்தான் சூட்சுமம் இருக்கிறது. நிறம் வெள்ளையாக இருந்தால் பால் சுண்டவில்லை என்று அர்த்தம். அந்த மாதிரிக் கடைகளில் ருசியை வெறும் சர்க்கரையும் எசன்ஸும் தாங்கிக்கொண்டிருக்கும். முதலில் சின்ன டம்ளர் சொல்லுங்கள். கலக்காமல் மேலேயிருந்து ஒரு ஸ்பூன் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் கலக்கிக் குடியுங்கள்.

மாலை: மஹால், பத்துத்தூண், தெப்பக்குளம்

விளக்குத்தூணிலிருந்து திருமலை நாயக்கர் மஹால் நடக்கும் தூரம். 1636-இல் கட்டியது. இன்று நாம் பார்ப்பது மூல அரண்மனையின் கால்வாசிதான் என்கிறார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்திலேயே ஒரு பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். மிச்சத்தைப் பின்னாளில் சென்னை மாகாண கவர்னர் நேப்பியர் பிரபு பழுதுபார்த்தார். முற்றத்தின் நடுவில் நின்று அந்தத் தூண்களையும் வளைவுகளையும் நிமிர்ந்து பாருங்கள். சாய்வெயில் உள்ளே விழும் 4 மணி வாக்கில்தான் சுதை வேலைப்பாடு துலக்கமாகத் தெரியும். இரவில் ஒலி-ஒளிக் காட்சி உண்டு. அன்றைக்கு நடக்கிறதா என்று டிக்கெட் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் மஹாலோடு திரும்பிவிடுகிறார்கள். விளக்குத்தூண் பக்கத்துச் சந்து ஒன்றில் பத்துத்தூண் இருக்கிறது. அரண்மனையின் உடைந்த பகுதியில் மிஞ்சிய பத்துக் கல்தூண்கள், வீடுகளுக்கும் ஜவுளிக்கடைகளுக்கும் நடுவில் தனியாக நிற்கின்றன. பலகை பெரிதாக இல்லை, கேட்டுத்தான் போக வேண்டும்.

இந்தப் பகுதி சௌராஷ்டிர நெசவாளர்களின் ஊர். தெருவில் சௌராஷ்டிரம் காதில் விழும். சாயங்காலம் வீட்டுத் திண்ணைகளிலும் தள்ளுவண்டிகளிலும் முள்ளுமுருங்கை வடை போடுவார்கள். கல்யாண முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டி எண்ணெயில் விட, பச்சை நிறத்தில் பூரி போல உப்பி வரும். மேலே காரப்பொடி தூவித் தருவார்கள். பொடி இல்லாமல் சாப்பிட்டால் பாதி ருசிதான். சௌராஷ்டிரப் புளியோதரையும் கிடைத்தால் ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தரை மணிக்கு அங்கிருந்து ஆட்டோ பிடித்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய குளம், நடுவில் மைய மண்டபம். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கரும் இங்கே தெப்பத்தில் வருவார்கள். தண்ணீர் இருக்கும் மாதங்களில் பொழுது சாயும்போது மேற்குப் பார்க்க உட்கார்ந்தால் மண்டபமும் வானமும் தண்ணீரில் சேர்ந்து தெரியும். குடும்பம் குடும்பமாக மதுரைக்காரர்கள் காற்று வாங்க வருவது இங்கேதான். சுற்றிலும் சுண்டல், பஜ்ஜி, அவித்த சோளம், பானி பூரி எல்லாம் உண்டு. நான் பஜ்ஜியை விட்டுவிட்டுப் பருத்திப்பாலுக்குப் போகச் சொல்வேன்.

பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசிமாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், தேங்காய் சேர்த்துக் காய்ச்சுவது. கெட்டியாக, சூடாக, சுக்குக் காரத்தோடு இருக்கும். பித்தளைப் பாத்திரம் வைத்த தள்ளுவண்டிகளில் சாயங்காலத்துக்கு மேல் விற்பார்கள். தொண்டைக்கு இதமாக இருக்கும்.

ராத்திரி

சங்க காலத்திலேயே இந்த ஊரில் பகல் சந்தைக்கு நாளங்காடி, இரவுச் சந்தைக்கு அல்லங்காடி என்று பெயர் இருந்தது. தூங்கா நகரம் என்பது இங்கே விளம்பரப் பேச்சு இல்லை.

எட்டரை மணிக்கு மறுபடி கோவில். 9 மணியை ஒட்டிப் பள்ளியறை பூஜை நடக்கும். சுந்தரேசுவரரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து மேளதாளத்தோடு மீனாட்சி சன்னதிக்கு அழைத்துப்போகிறார்கள். காலையில் கல்லாகப் பார்த்த இடம் அப்போது ஒரு வீடாக மாறிவிடும். கூட்டமும் குறைவு.

வெளியே வந்தால் இரண்டு வழி. அசைவர்கள் சிம்மக்கல்லுக்குப் போகலாம். கோனார் மெஸ்ஸின் கறி தோசை மூன்று அடுக்கு: கீழே தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி மசாலா, அப்படியே திருப்பிப் போட்டு வேகவைப்பது. இரண்டு பேருக்கு ஒன்று போதும். பரோட்டா பிரியர்களுக்குப் பன் பரோட்டா. சின்னதாக, தடியாக, மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு போல. சால்னா ஊற்றி, கூட மட்டன் சுக்காவும் ஒரு கலக்கியும் சொல்லுங்கள். கலக்கி என்பது முட்டையைக் குழம்போடு அடித்துக் கல்லில் அரைவேக்காட்டில் எடுப்பது. அரைவேக்காடு பிடிக்காதவர்கள் "நல்லா வேகட்டும் அண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மற்றவர்களுக்கும், அசைவம் சாப்பிட்டு முடித்தவர்களுக்கும், என் மனசுக்கு மிகவும் பிடித்தது ராத்திரி இட்லி. ஊர் முழுக்கத் தெருவோரத்தில் இட்லிக் கொப்பரையில் ஆவி பறக்கும். துணி விரித்து அவித்த இட்லி, கையால் தொட்டாலே பிளந்துகொள்ளும். கூடத் தேங்காய், தக்காளி, புதினா, காரச்சட்னி என்று வரும். உட்கார்ந்து சாப்பிட மேல மாசி வீதியில் முருகன் இட்லிக்கடை இருக்கிறது. ஆனால் ஒரு இரவாவது தெருவோரக் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். எந்தக் கடை என்று தேர்ந்தெடுக்க எளிய வழி: ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் எங்கே நின்று சாப்பிடுகிறார்களோ அங்கே. தண்ணீர் மட்டும் பாட்டிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்: ஊருக்கு வெளியே

விடியலில் சமணர் மலைக்குப் போங்கள். மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் இருக்கிறது. அடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோவில், பெரிய ஆலமரம். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள், ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. அங்கே பெரிய மகாவீரர், குகைக்குள் சிங்கத்தின் மேல் அமர்ந்து யானைமேல் வருபவனோடு போரிடும் இயக்கி என்ற சமணப் பெண் தெய்வம். மேலே நின்றால் வயலும் கண்மாயும் தாண்டி நகரம் தெரியும். ஆறு மணிக்கு ஏறி எட்டரைக்குள் இறங்கிவிட வேண்டும். பாறை சூடேறினால் கால் வைக்க முடியாது. மேலே கடை இல்லை, தண்ணீர் எடுத்துப்போங்கள். ஆட்டோவில் போனால் திரும்பவும் அதே வண்டி என்று பேசிவிடுங்கள்.

பிற்பகலுக்கு இரண்டில் ஒன்று. வடக்கே 21 கிலோமீட்டரில் அழகர்கோவில். மலையில் பழமுதிர்சோலையும் நூபுர கங்கையும். கோவில் பிரசாத தோசையை விட்டுவிடாதீர்கள். உளுந்தும் மிளகும் சுக்கும் சேர்த்து நெய்யில் பொரித்த தடித்த தோசை, வீட்டுத் தோசையோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. குரங்குகள் அதிகம், கையில் பையைத் திறந்து வைக்காதீர்கள். வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் தென்கிழக்கே 12 கிலோமீட்டரில் கீழடிக்குப் போகலாம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகள், பகடை, மணிகள் எல்லாம் நன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே நாளில் ஓடினால் எதுவும் மனசில் தங்காது.

வாங்கிப்போக வேண்டியவை

சுங்குடிச் சேலை வேண்டுமென்றால் தெற்கு மாசி வீதி, விளக்குத்தூண் பக்கம் பாருங்கள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியதில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அச்சில் அடித்ததில் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். விலையும் அதற்கேற்ப வித்தியாசப்படும்.

மல்லிகையை ரயிலேறும் நேரத்தில் வாங்குங்கள். விரியாத மொட்டாகப் பார்த்துக் கேட்டு, வாழையிலையில் கட்டச் சொன்னால் மறுநாள் காலை வரை தாங்கும். முகூர்த்த நாளில் விலை பல மடங்கு ஏறும், அதிர்ச்சியடைய வேண்டாம்.

கடைசியாக அல்வா. ஜங்ஷனுக்குப் பக்கத்திலேயே பிரேமா விலாஸ் இருக்கிறது. சூடாக இலையில் வைத்து 50 கிராம் வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள், கூட ஒரு பிடி மிக்சர். பார்சலைத் தனியாகச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காமல் வெளியிலேயே வைத்து, சாப்பிடும்போது வாணலியில் லேசாகச் சூடு காட்டினால் நெய் மறுபடி இளகி வரும்.